கன்னத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை

"பல் ஏதாவது பிடுங்கினாரா? ஈறுல புண்ணு, சீழு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." டாக்டர் ஸ்வாதி நான்காவது முறையாகக் கேட்டார்.

"பல்லத் தொடவே இல்லீங்க" என்றாள் ரேணுகா.

பொய்யில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் புருஷன் கண்ணாயிரத்தின் இதயத்தில் உலோக வால்வு வைத்தபோதே சொல்லி அனுப்பியிருந்தார்கள், பல்லில் கை வைப்பதானால் முதலில் மாத்திரை போட வேண்டும் என்று. அதை அவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். பொங்கல் கரும்பைக்கூடத் துண்டு துண்டாக நறுக்கித்தான் கொடுத்தாள். பாவம், அவ்வளவு காபந்து.

அப்படிப்பட்ட ஆள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் பதினாறாம் நாள் காய்ச்சலோடு கிடக்கிறான். நெம்மேலிக்கு மேற்கே ஊர்; கம்பெனி வேன் ஓட்டுகிறவன். தெம்பான உடம்பு இப்போது கொடியில் போட்ட சட்டையாகத் தொங்குகிறது. வால்வில் ஏதோ கிருமி ஒட்டியிருக்கிறது என்கிறார்கள்; ஆனால் மூன்று தடவை ரத்தம் எடுத்தும் சோதனையில் எந்தக் கிருமியும் வளரவில்லை. காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்ட மாத்திரை அதை அரைகுறையாக அடித்து, பதுங்க வைத்துவிட்டதாம்.

"இப்ப போற மருந்து கேக்கல. சாயங்காலத்துக்குள்ள மாத்தணும்" என்றார் டாக்டர். "எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சாத்தான் எதை மாத்தறதுன்னு தெரியும். தப்பாப் போனா வால்வே ஆடிரும்."

ரேணுகா கட்டிலோரத்திலிருந்து எழுந்து நின்றாள். "வாயில கீற பூச்சி நெஞ்சுக்கு இன்னாத்துக்குப் போவுது டாக்டர்?"

"வாயில இருக்கறவரைக்கும் அது சாது. நீங்க சூடா டீ குடிச்சாலும் தெரியும், புளிப்பு சாப்பிட்டாலும் தெரியும். அதுக்கேத்த மாதிரி மாறிக்கும். ரத்தத்துல இறங்கினா, இது வேற இடம்னு அதுக்குத் தெரிஞ்சுரும். பசை மாதிரி ஒண்ணச் சுரந்து வால்வுல ஒட்டிக்கும். கூட்டாளிகளையும் சேத்துக்கிட்டு மேல ஒரு போர்வை கட்டிக்கும். மருந்து உள்ள போறதே கஷ்டம். அது உள்ள இறங்க சின்ன ஓட்டை போதும். ஈறுன்னு இல்ல, நாக்கு, கன்னம், எங்க வேணும்னாலும்."

கன்னம்.

ரேணுகாவின் கை தன் கன்னத்துக்குப் போனது. வால்வு வைத்த அன்றைக்கு அம்மனிடம் அவள் வேண்டிக்கொண்டதுதான்: ஆள் பிழைத்து வந்தால் அலகு குத்துவார் தாயே. போன வருஷம் உடம்பு முடியவில்லை. இந்த ஆடியில் இரண்டு கன்னத்தையும் துளைத்து வேல் போட்டு, மேளத்தோடு தெருவைச் சுற்றி வந்தான். விபூதி வைத்ததும் மூன்றே நாளில் ஆறிவிட்டது. பல்லைத் தொடாதே என்றார்களே தவிர, கன்னத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே!

அவள் கட்டிலைப் பார்த்தாள். தாடி மண்டிய முகத்தோடு கண்ணாயிரம் தலையை மெல்ல ஆட்டினான். வேண்டாம் என்று அர்த்தம். அவனுக்கு முன்பே புரிந்திருக்கிறது, கள்ளன்! இவளுடைய வேண்டுதல் என்பதால் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறான். உயிரே போகிறது, இதில் இவருக்குப் பெரிய மனுஷத்தனம். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"டாக்டர், அலகு குத்தினாரு. ஆடி மாசம், நாலு வாரம் ஆவுது. நான்தான் வேண்டிகினேன்."

"அவள உடுங்க டாக்டர்" என்றான் கண்ணாயிரம், மூச்சு வாங்கியபடி. "நானாத்தான் குத்திகினேன்."

யார் குத்தச் சொன்னது என்று டாக்டர் கேட்கவே இல்லை. டார்ச்சை எடுத்து அவன் வாயைத் திறந்து, இரண்டு கன்னத்தையும் உள்பக்கமாகப் பார்த்தார். தேதியை மட்டும் இன்னொரு தரம் கேட்டுக் குறித்துக்கொண்டு, நர்ஸைக் கூப்பிட்டு மருந்தை மாற்றினார்.

அடுத்த மூன்று நாளும் ரேணுகா தெர்மாமீட்டரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. நான்காம் நாள் காலை காய்ச்சல் இறங்கியது. வால்வு தாங்கும், ஆனால் ஆறு வாரம் ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர்.

அவர் போனதும் கண்ணாயிரம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஏன் சொன்ன? இனிமே ஊரே வாய்க்கு வந்தபடி பேசும். அம்மன் மேல பழி வந்துடும்மே."

ரேணுகா அவன் நெற்றியில் மறுபடியும் கை வைத்துப் பார்த்தாள்.

"பழிய அம்மா தாங்கிக்குவா. நீ இல்லாங்காட்டி நான் தாங்க மாட்டேன்யா."