எந்தப் பக்கம் பார்த்து நின்றது?

சாலையோரம் ஆமை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கமே கொண்டுபோய் விட வேண்டும். எங்கள் கானுயிர்த் தன்னார்வலர் குழுவில் முதல் நாளே சொல்லித்தந்த விதி அது. போன கோடையில் கல்குவாரி லாரி ஒன்று ஓட்டுக்குள் பெட்டிபோல மூடிக்கொள்ளும் பெட்டி ஆமை ஒன்றின் மேல் ஏறியபோது எழுந்த ஓசையைக் கேட்டதால்தான் நான் குழுவில் சேர்ந்தேன். அதை இன்னொரு முறை கேட்க என்னால் முடியாது.

அந்த ஜூன் மாலையில், ஓசார்க் மலையடிவாரத்தில் அந்த ஆமை அடிபட்ட அதே சாலையோரம் பூண்டு வாடையடிக்கும் களைச்செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். ஓடைப் பக்கச் சரிவில் நான், மலைப் பக்கச் சரிவில் என் அண்ணன் ராய்ஸ். சாலை நடுவில் மேடாகப் போனதால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை.

நிமிர்ந்தபோது மேலே சரளை ஓரத்தில் ஓர் ஆமை தெரிந்தது. ஓட்டின் மேல் முட்டையின் மஞ்சள் கரு சிந்தியதுபோல ஒரு பொட்டு. முகம் சாலையைப் பார்த்திருந்தது. தூக்கிச் சாலையைக் கடந்து, எதிர்ச் சரிவின் புல்லில் இறக்கிவிட்டு வந்தேன். தூரத்தில் புதருக்குள் ராய்ஸின் தொப்பி மட்டும் அசைந்தது.

சற்று நேரத்தில் அதே இடத்தில் இன்னோர் ஆமை. அதே மஞ்சள் பொட்டு. ஆமைகளிலும் இரட்டையர் உண்டோ என்று யோசித்தபடியே அதையும் கடத்திவிட்டேன்.

மூன்றாவதும் வந்தபோது எனக்குத் தலை சுற்றியது. அதைக் கையில் பிடித்தபடி நடுச்சாலையில் நின்றேன். எதிர்ச் சரிவிலிருந்து ராய்ஸ் ஏறி வந்தான்.

"ஏய் ஜெனெல், அதை எங்கடி தூக்கிட்டுப் போற? இப்பதான் உன் பக்கம் விட்டுட்டு வந்தேன்!"

"நீயா? நான்தான்டா உன் பக்கம் ரெண்டு தடவை விட்டேன்!"

"நானும் ரெண்டு தடவை விட்டேன். ரோட்டைப் பாத்துதானே நின்னுச்சு."

"என் பக்கமும் ரோட்டைப் பாத்துதான்டா நின்னுச்சு."

"அப்ப என்ன, பஸ் ஏறப் போகுதா?"

வளைவுக்கு அப்பால் லாரி உறுமியது. ஓரத்துக்கு ஓடிவந்து, புல்லுக்குள் இறங்க நேரமில்லாமல் ஆமையைச் சரளையிலேயே வைத்தேன். அது தலையை நீட்டியது. எந்தப் பக்கமும் நகரவில்லை. பின்னங்காலால் தரையைச் சுரண்டியது.

"கால்ல அடிபட்டிருக்கோ?"

"இல்லடா. குழி தோண்டுது. முட்டை போடப் போகுது."

வெயிலில் சூடேறிய இந்தச் சரளைதான் அதற்கு வேண்டியிருந்தது. நாங்கள் மாறி மாறிப் புல்லுக்குள் இறக்கிவிட, அது மாறி மாறி ஏறி வந்திருக்கிறது.

நான் கையை விரித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். லாரி நின்றது.

"என்னம்மா, வண்டி பஞ்சரா?"

"ஆமை முட்டை போடுதுங்க."

"இந்த எடத்துலயா? எவ்ளோ நேரமாகும்?"

நான் ராய்ஸைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"தெரியாதுங்க."

ஓட்டுநர் தலையை ஆட்டிக்கொண்டே எதிர் ஓரமாக ஒதுக்கி ஓட்டிப் போனார். தரை அதிர்ந்தது. ஆமையின் கால் நிற்கவில்லை.

"இப்ப தூக்கணுமா, வேணாமா?" என்றான் ராய்ஸ். "ரூல் என்ன சொல்லுது?"

"எந்தப் பக்கம் பாத்து நிக்குதோ..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். ஓடையையும் பார்க்காமல், மலையையும் பார்க்காமல், அது சாலையின் நீளத்தில், லாரிகள் வரும் திசையைப் பார்த்துத் தோண்டிக்கொண்டிருந்தது.

ராய்ஸ் தன் ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றி ஒரு குச்சியில் மாட்டிச் சரளையில் நட்டான். நாங்களும் அதே திசையைப் பார்த்து உட்கார்ந்தோம்.