முப்பத்தோரு பேரில் மூன்று பேர்

"உங்க பேர் இதுல இல்லையேம்மா" என்று நர்ஸ் நெகேசா சொன்னபோது சிப்ரோசா சிரித்தேவிட்டாள். ஆறு வருடமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து மாத்திரை வாங்கிப் போகிறவளின் பேர் எங்கே ஓடிவிடும்?

"நல்லாப் பாருங்க சிஸ்டர். மீன் வறுக்கிற சிப்ரோசா. போன வாரம்கூட உங்களுக்கு ரெண்டு துண்டு சேத்துப் போட்டேனே, மறந்துபோச்சா?"

நெகேசா சிரிக்கவில்லை. காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். நகரத்தில் யார் யாருக்கு என்ன புற்றுநோய் என்று ஒரு வருடம் எண்ணி எடுத்த கணக்கு அது. நாள்பட்ட இரத்தப் புற்றுநோய், கிசுமு நகரவாசிகள்: மூன்று. அடுத்த மாதத்திலிருந்து அந்த மூன்று பேருக்குத்தான் இங்கே மாத்திரை. மற்றவர்கள் தலைநகர் நைரோபிக்குப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்று பேராம்! அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் முப்பத்தோரு பேர். கண் இருக்கிறவன் எவனாவது வந்து எண்ணியிருந்தால் போதுமே.

சிப்ரோசாவின் பையில் பதினொரு மாத்திரைகள் இருந்தன. நோய் வந்த புதிதில் நைரோபிக்குப் போய்த்தான் வாங்கினாள். போக ஒரு பகல், வர ஒரு பகல், நடுவில் வரிசை. நான்கு மாதம் தாக்குப்பிடித்தாள். ஐந்தாம் மாதம் முடியாமல் விட்டதும் மண்ணீரல் வீங்கி, வயிறு எட்டு மாதப் பிள்ளைத்தாச்சி போல ஆகிவிட்டது. விதவைக்கு எப்படி வயிறு வந்தது என்று சந்தையில் நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். இங்கே கிளினிக் திறந்த பிறகுதான் அது வடிந்தது, அவளும் பிழைத்தாள்.

"கணக்கு எடுத்தது நம்ம ஒதெம்போதானே? ஏதோ தப்பு நடந்திருக்கு. நான் போய்க் கேக்கறேன்" என்றாள்.

ஒதெம்போ அவளுடைய செத்துப்போன கணவனின் தம்பி. பதிவு அலுவலகத்தில் எழுத்தர். கிசுமுவின் நியாலெண்டா பகுதியில் அவள் இருக்கும் தகரக் கூரை அறையில் வாரத்துக்கு இரண்டு முறையாவது மீனும் களியும் சாப்பிட்டுவிட்டு, "அண்ணி கை மணமே தனி" என்று விரலைச் சூப்பிக்கொண்டு போகிறவன். போன வருடம் அவன் படிவத்தோடு வந்தபோது பெஞ்சில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முறை தவறினவர்களுக்கு வரும் சாபம் இது என்று ஊரில் பேச்சு இருக்கையில், யார் துணிந்து பேரைக் கொடுப்பார்கள்? சிப்ரோசாதான் ஒவ்வொருவர் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சினாள். "நம்ம பையன்தான். என் கையால சாப்பிட்டவன். என்னை நம்பிச் சொல்லுங்க" என்றாள். அவளை நம்பித்தான் சொன்னார்கள்.

எங்கே குடியிருக்கிறீர்கள் என்று அவன் கேட்டபோது தச்சர் ஒகாடா தன் பூர்வீகக் கிராமம் உகென்யாவைச் சொன்னார். அவருக்கு அடுத்தவள் போண்டோ என்றாள். சிப்ரோசாவும் நிமிர்ந்து உட்கார்ந்து புருசன் ஊரான அலேகோவைச் சொன்னாள். வேறு என்ன சொல்வார்கள்? லுவோ இனத்துச் சனத்துக்கு நகரத்தில் இருப்பது தலைசாய்க்கும் இடம். வீடு என்பது மாமனாரும் புருசனும் புதைந்த மண். முப்பது வருடம் கிசுமுவில் பிழைத்தவனும் தன் இருப்பிடம் கிசுமு என்று வாயால் சொல்ல மாட்டான். சொன்னால், புதைக்க இடமில்லாத நாதியற்றவன் என்று ஆகிவிடும். இது ஒதெம்போவுக்குத் தெரியாதா என்ன! அவனும் அதே மண்ணில் பிறந்தவன்தானே.

அலுவலகத்தில் அவளைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டான். "வாங்க அண்ணி! மீன் கொண்டாந்தீங்களா?"

"மீன் கிடக்கட்டும். அந்த மூணு பேரு யாருடா?"

அவன் காகிதங்களை அடுக்கினான். அடுக்கினதையே மறுபடி அடுக்கினான். அவள் மேசையிலிருந்த பட்டியலைப் பிடுங்கிப் பார்த்தாள். முதல் இரண்டு பேர் யாரோ வேறு இனத்தவர்கள், கடைவீதியிலேயே குடியிருக்கிறவர்கள். மூன்றாவது, டோர்கா. ஒதெம்போவின் மாமியார். அசெம்போவில் ஆடு மேய்த்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை மட்டும் பஸ் ஏறி வருகிறவள்!

சிப்ரோசா பட்டியலை மேசையில் அறைந்தாள். "அடப்பாவி. எதுக்காக எண்ணுறாங்கன்னு உனக்கு அப்பவே தெரியும்."

"மெதுவா அண்ணி."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். எல்லாரையும் நகரம்னு போட்டா மேல இருந்து கேள்வி வரும் அண்ணி. இவ்வளவு பேரா, நேர்ல வர்றோம்பாங்க. மூணு பேருன்னா எவனும் கண்டுக்க மாட்டான். மாமியாரை விட்டா என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விடுவாளா?"

"நான் உனக்கு யாருடா?"

"நீங்க என் அண்ணன் பொண்டாட்டி. உங்களுக்கு அலேகோவுல வீடு இல்லைன்னு நான் என் கையால எழுதுனா, எங்க ஆளுங்க என்னை உயிரோட விடுவாங்களா? இருப்பிடம் அலேகோன்னு நீங்களேதானே உங்க வாயால சொன்னீங்க."

சொன்னாள்தான். அந்தச் சொல்லையே கயிறாகத் திரித்து அவள் கழுத்தில் மாட்டிவிட்டானே! உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். தன் வீட்டுக் களியைத் தின்றவனிடம் அதைக் காண்பாள் என்று நினைக்கவில்லை. அவன் சட்டையைப் பிடித்து, "வா, கிளினிக்ல வந்து சொல்லு" என்று இழுத்துக்கொண்டு நடந்தாள்.

நெகேசா திருத்தப் படிவத்தை எடுத்தாள். பட்டியலில் பேர் சேர்க்க அன்று மாலை ஐந்து மணிவரைதான் கெடு. நகரவாசி என்று அவரவர் சொல்ல வேண்டும், குடும்பத்து ஆண் ஒருவர் சாட்சி சொன்னால் நல்லது.

"சொல்லு ஒதெம்போ. நீ வாரம் ரெண்டு தடவை வந்து சாப்பிடுற வீடு எங்க இருக்கு?" என்றாள் சிப்ரோசா.

பெஞ்சு முழுதும் அவனைப் பார்த்தது. அவன் தொப்பியைக் கழற்றினான், குரலைத் தாழ்த்தினான், சாவு வீட்டில் பேசுவது போல மரியாதையாகப் பேசினான். "இவங்க எங்க அண்ணன் சம்சாரம். நாதியத்தவங்க இல்ல. இவங்க வீடு அலேகோ. நாங்க இருக்கிறவரைக்கும் அலேகோதான்."

"அப்படிச் சொல்லு. குடும்பத்துப் பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்றார் ஒகாடா. நான்கைந்து தலைகள் ஆடின. அவளுக்கு மரியாதை செய்துவிட்டானாம்!

சிப்ரோசா பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கினாள்.

"இவன் பேச்சுக்குத் தலையாட்டுறீங்களே. இவன் மாமியார் பேரு பட்டியல்ல இருக்கு. நம்ம பேரு இல்ல. பதினோரு மாத்திரைய வச்சுக்கிட்டு எனக்கு என்னத்துக்கு இந்த மரியாதை? எழுதுங்க சிஸ்டர். சிப்ரோசா. நியாலெண்டா. கிசுமுதான் என் இருப்பிடம். அலேகோவுல எனக்கு யாரும் இல்ல."

யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒதெம்போ தொப்பியை மாட்டிக்கொண்டு, அவளைப் பார்க்காமலே வெளியே போனான். இனி அலேகோவில் அவள் கால் வைக்க முடியாது, செத்தபின் புருசன் பக்கத்தில் படுக்கவும் முடியாது. அது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

நெகேசா எழுதி முடித்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தாள். "ஒகாடா ஐயா, நீங்க எங்க இருக்கீங்க?"

ஒகாடா இருபத்தெட்டு வருடமாகக் கிசுமுவில் கட்டில் செய்கிறவர். சிப்ரோசாவின் கடைக்கு மூன்றாவது கடை. அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"உகென்யா" என்றார்.

"அண்ணே!" என்றாள் சிப்ரோசா.

"நாளைக்குத் தனியா வந்து சொல்றேன் தங்கச்சி. இத்தனை பேர் முன்னால வேண்டாம்."

"நாளைக்கு எழுத மாட்டாங்கண்ணே!"

அடுத்தவள் போண்டோ என்றாள். அதற்கடுத்தவன் அலேகோ என்றான். போன வருடம் அவள் ஒரு சொல் சொன்னதற்காக வாய் திறந்தவர்கள், இன்றைக்கு அவள் பக்கம் திரும்பவே இல்லை. கடைசி ஆள்வரை கேட்டுவிட்டு, ஐந்து மணிக்கு நெகேசா மூன்று என்பதை அடித்து நான்கு என்று எழுதினாள். பெஞ்சில் சிப்ரோசாவின் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள்.