ஞாயிற்றுக்கிழமை இருட்டு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பேய்க்கதை எழுத உட்கார்ந்தால் அவர் வீட்டு மாடி அறை பட்டப்பகலில் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து, பேனா மூடியைக் கழற்றியதும், சட்டைப் பொத்தான்களின் இடுக்கிலிருந்து இருட்டு கசிய ஆரம்பிக்கும். முதலில் மடி, அப்புறம் மேஜை, அப்புறம் சுவர். விளக்கைப் போட்டால் விளக்கு எரியும், வெளிச்சம்தான் வராது. கரண்ட் ஆபீஸ்காரர் ஒரு தடவை வந்து மீட்டரையும் ஒயரையும் சோதித்துவிட்டு, "எங்க பக்கம் கோளாறு எதுவும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதி முடித்ததும் கண்ணாடிக்காரர் நீளமாக ஒரு மூச்சு இழுப்பார். இருட்டு வந்த வழியே உள்ளே போய்விடும். அவர் சட்டையை நீவிக்கொண்டு டீ குடிக்கக் கீழே வருவார்.

இருட்டில் எழுதினால் வரிமேல் வரி ஏறும். ஆரம்ப காலத்தில் ஒரு கொலை போய் ஒரு கல்யாணத்தின் மேல் உட்கார்ந்துகொண்டதில் வாரப்பத்திரிகை ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். வழி கண்டுபிடித்தது கண்ணாடிக்காரரின் மனைவி. அந்த அம்மா தையல்காரர். ஒரு மரச் சட்டத்தில் குறுக்கே வரிசையாக நூல் கட்டித் தாளின் மேல் வைத்துக் கொடுத்தார். இடது கை விரல் நூலைத் தடவிக்கொண்டே போகும், வலது கை எழுதும். "என்ன எழவை எழுதினாலும் மனுசன் நேரா எழுதட்டும்" என்றார். தெருவும் சும்மா விடுமா? தூங்காத பிள்ளைகளை அந்த மாடி இருட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். ஒற்றைத் தலைவலிக்காரரான பஸ் கண்டக்டர் ஞாயிறு தவறாமல் வந்து சுவரோரம் சாய்ந்துகொள்வார். கண்ணாடிக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். குறட்டை மட்டும் கூடாது.

இப்படி நிம்மதியாகத் தூங்க முடிந்ததுதான் வினை. பாழடைந்த பங்களா, சங்கிலிச் சத்தம், கால் இல்லாத பெண் என்று அவர் வருஷக்கணக்கில் எழுதினார். யாரும் பயப்படவில்லை. "சார், பேயெல்லாம் வருது. பயம்தான் வரமாட்டேங்குது" என்று ஆசிரியர் போனில் அழாக்குறையாகச் சொன்னார். கண்ணாடிக்காரருக்கு அது தெரியாமல் இல்லை. அவர் இருட்டை மேலாக மொண்டு மொண்டு எழுதினார். அடியில் ஒன்று கிடந்தது, அதன் பக்கம் போகவே மாட்டார். அந்த மாடி அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் ஆணி அடித்து மூடியது. கேட்டால் மழையில் மரம் உப்பிவிட்டது என்பார். மழையே பார்க்காத கோடையில் அடித்த ஆணி அது என்று அவர் மனைவி முணுமுணுப்பார், அதற்கு மேல் கேட்கமாட்டார்.

அவருடைய ஒரே மகள் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, வருவதற்கு மாதக்கணக்காகும். குழந்தை அழுதது. அப்படி ஒரு அழுகையை எங்கள் தெரு கேட்டதில்லை. பால் கொடுத்தாலும் அழுகை, தோளில் போட்டாலும் அழுகை, டாக்டர் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லும்போதும் அழுகை. மகள் தலை வாருவதை விட்டாள். பேச்சும் குறைந்துபோனது. குழந்தையைச் சுற்றும் வெள்ளைத் துண்டுகளில் அங்கங்கே கறுப்பு படிய ஆரம்பித்தது. "உன் சட்டைச் சாயம் இறங்குதுடி" என்று அம்மா அவற்றை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். தையல்காரருக்கு வேறென்ன தோன்றும்? உப்புக்கெல்லாம் அது அசையவில்லை. கொடியில் காய்ந்த துண்டை ஒருநாள் கண்ணாடிக்காரர் தொட்டுப் பார்த்தார். வெயிலிலும் அந்த இடம் ஜில்லென்று இருந்தது. அது சாயமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, பாவம்.

அந்த வார ஞாயிறு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மகள் மாடிக்கு வந்தாள். ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதை ஏம்ப்பா ஆணி அடிச்சு வச்சிருக்கீங்க? திறந்தா கீழ தெரு தெரியுமில்ல?"

அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மனைவியைக் கூப்பிட்டுக் குழந்தையை வாங்கிக்கொள்ளச் சொன்னார். நூல் சட்டத்தை எடுத்து வைத்தார். பேனா மூடியைக் கழற்றுவதற்கே அன்று ரொம்ப நேரமானதாக, சுவரோரம் சாய்ந்திருந்த கண்டக்டர் இன்றைக்கும் சொல்வார்.

அன்று வந்த இருட்டு வேறு. மாடிப்படி இறங்கி, தையல் மெஷினை மூடி, வாசல் தாண்டித் தெருவுக்கு வந்தது. ஆட்டோக்கள் விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றன. யாரும் கத்தவில்லை. அம்மம்மா, அதை எப்படிச் சொல்வது! அவரவர் யாரிடமும் சொல்லாத ஒன்று பக்கத்தில் வந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் படியில் உட்கார்ந்து தேம்பினார். ஜென்மப் பகைக்காரர்களான பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டார்கள். தெரு முழுக்க மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனையும் ஒரு மெலிந்த மனுசனின் சட்டைக்குள் இருந்ததா என்று எங்களுக்குப் புல்லரித்துப்போனது.

எழுதி முடித்தும் அவர் மூச்சை உள்ளே இழுக்கவில்லை. தாளை மகளிடம் நீட்டினார். பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியதில் எழுத்தெல்லாம் தாளில் பள்ளமாக விழுந்திருந்தது. அவள் விரலால் தடவித் தடவிப் படித்தாள். தூங்காத ஒரு தகப்பன், நிறுத்தாமல் அழுத ஒரு பெண் குழந்தை, திறந்திருந்த மாடி ஜன்னல். ஒரு மூச்சு நேரம் அவன் கைகள் குழந்தையை விட்டுவிட நினைத்தன. விடவில்லை. குழந்தையைத் தரையில் கிடத்திவிட்டுச் சுத்தியலைத் தேடிப் போனான். பேய் என்று அந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை.

கண்டக்டர் சுவரோரம் மூச்சுவிடாமல் கிடந்தார். அவர் காதில் விழுந்தது இவ்வளவுதான்.

"அது நானாப்பா?"

"நீதாம்மா."

அவள் விரல் தாளை மறுபடி தடவுகிற சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் இனி மகள் முகத்தில் விழிக்க முடியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அப்படி வருதுப்பா. நான் மனுசியே இல்லைன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"தெரியும்மா. துண்டைத் தொட்டுப் பார்த்தேன். வந்துட்டுப் போகும்மா. குழந்தையைக் கீழ வச்சிட்டு என்னைக் கூப்பிடு."

அப்பாவும் மகளும் சேர்ந்து அழுத அழுகையில் குழந்தையின் அழுகை எடுபடவே இல்லை. அழுது ஓய்ந்த பிறகுதான் அவர் மூச்சை உள்ளே இழுத்தார், தெருவுக்கு வெயில் திரும்பியது.

மறுநாள் வெல்டிங்காரர் வந்து ஜன்னலுக்குக் கெட்டியாகக் கம்பி வைத்தார். அதற்குப் பிறகு ஆணிகளைப் பிடுங்கினார்கள். ராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது தாத்தாவின் வேலையானது. கதை பத்திரிகையில் வந்தது. விளக்கை அணைக்காமல் படுத்ததாக ஆசிரியர் போன் செய்தார். அந்தத் தெரு இருட்டுக்கு யாரும் காரணம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு, மழை வருமா என்று விசாரிப்பதுபோல, "இன்னைக்கு எழுதறாரா?" என்று மட்டும் விசாரித்தோம்.

மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அம்மா இன்னொரு சட்டத்துக்கு நூல் கட்டிக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து எழுதுகிறார்கள். ஜன்னல் திறந்திருக்கிறது, வெயில் கம்பி வரைக்கும் வந்து நின்றுகொள்கிறது. இரண்டு இருட்டும் கலக்கிற இடத்தில் பாய் விரித்து அந்தக் குழந்தையைப் போடுகிறார்கள். அது அசந்து தூங்குகிறது.