முற்றத்தின் குறுக்கே ஒரு கோடு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. மட்டாஞ்சேரி மாலை வகுப்பில் நாங்கள் சிலர் தமிழ் எழுதப் பழகுகிறோம். வீட்டில் பேசுவது தமிழ், படித்தது மலையாளம் என்று ஆகிவிட்டவர்கள். என் பக்கத்து நாற்காலி ஸுப்ரியாவுடையது. இடைவேளைச் சாயாவின்போது அவள் இதைச் சொன்னாள். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எழுதிக்கோ. ஆனா வழி மட்டும் சொல்லிடப்படாது, கேட்டியா."

அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "மலைமேல் ஏறும் சைக்கிள் மூச்சிரைக்க" (நிறுத்திவிட்டேன். சைக்கிளுக்கு மூச்சு கிடையாது.)

இரண்டாவது: "கிழக்கே ரப்பர் தோட்டங்களின் மேல் பனி இறங்கும் வேளையில்" (நான் அந்த வேளையில் அங்கே இருந்ததில்லை. சைக்கிளில் நகருக்குள்ளேயே இருக்கும் வைட்டிலாவைத் தாண்டியதே இல்லை.)

மூன்றாவது, தகவல்களை வரிசையாகச் சொல்வது. எனக்கு வருவது அதுதான்.

2

ஸுப்ரியா ஒரு மசாலா ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறாள். அவளிடம் கிராவல் சைக்கிள் ஒன்று இருக்கிறது. சாலைச் சைக்கிளைவிடத் தடித்த டயர். சரளையிலும் செம்மண்ணிலும் ஓடும். ஆனால் எங்கள் ஊரில் சரளையும் இல்லை, மேடும் இல்லை. மேடு வேண்டுமென்றால் தோப்பும்படிப் பாலத்தில் ஏறி இறங்கி, திரும்ப ஏற வேண்டும். மீன் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் இவளை அனுதாபத்தோடு பார்ப்பார்கள்.

அவளைப் போல ஒரு டஜன் பேர் சேர்ந்து ஒரு குழு. பள்ளுருத்தியில் பல் வைத்தியம் பார்க்கும் சங்கர்ராம் அதன் தலைவர். வருடத்துக்கு ஒருமுறை கிழக்கு மலைகளுக்குப் பெரிய சவாரி. வழியைப் போடுவது எப்போதும் அவர்தான். அந்த வழியில் பாதி ஹைவேயாக இருக்கும். இந்த முறை தான் போடுவதாக ஸுப்ரியா சொன்னாள்.

"நீயா? வரைஞ்சு கொண்டு வா, நோக்காம்" என்றார் சங்கர்ராம்.

அவளுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்: குழு அவள் போட்ட கோட்டில் ஓட வேண்டும்.

[இது ஒரு கதைக்குப் போதுமா என்று சந்தேகப்பட்டு அவளிடமே கேட்டேன். "இத்தனை வருஷமா எவனோ ஒருத்தனோட பின்சக்கரத்தைப் பார்த்துண்டே போயிண்டிருக்கேன். அது போறாதா உனக்கு?" என்றாள். போதும் என்று எழுதிக்கொண்டேன்.]

3

ரப்பர் தோட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் தெரியாது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. போய்ப் பார்த்தால்தான் உண்டு. விடுமுறை நாட்களில் விடியுமுன் கிளம்பி, மூவாற்றுப்புழைக்கு அந்தப்பக்கம் ஒவ்வொரு மண்வழியாக நுழைந்தாள். ஒன்று கல்குவாரியில் முடிந்தது. ஒன்றில் பூட்டிய கேட். ஒன்றில் கேட் இல்லை, நாய் இருந்தது. கடைசியில் இரண்டு குன்றுகளின் மண்வழிகள் கிடைத்தன. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக மட்டும் வழி இல்லை. இடையில் ஹைவேயில் இறங்கி டிப்பர் லாரிகளோடு ஓட வேண்டும். அப்படியானால் அது சங்கர்ராம் வழியேதான்.

முதல் குன்றின் வழி ஓரிடத்தில் செங்குத்தாக இறங்கி ஒரு வீட்டு முற்றத்தில் போய் விழுந்தது. அவள் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முற்றம் முழுக்கப் பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தது. ஒரு பெண் அதன்மேல் நடந்து, கால் விரல்களால் கிளறிக்கொண்டிருந்தாள்.

அந்தப்பக்கம் போக வழி உண்டா என்று ஸுப்ரியா மலையாளத்தில் கேட்டாள். மலையாளத்திலேயே பதில் வந்தது. ஆனால் இரண்டு பேருடைய மலையாளமும் ஒரே இடத்தில் இடறியிருக்க வேண்டும்.

"தமிழா?" என்றாள் அந்தப் பெண்.

பெயர் மூக்கம்மாள். போடிப் பக்கம். புருஷனும் அவளும் அந்தத் தோட்டத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து ரப்பர் பால் வெட்டுகிறார்கள். மரங்களில் படர்ந்த கொடியின் மிளகும் அவர்களுக்கு. பால் சேர்க்காத கட்டங்காப்பி கொடுத்தாள். தனியாகச் சைக்கிளில் வந்ததற்கு வீட்டில் திட்டமாட்டார்களா என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு குனிந்து, பாயின் ஒரு முனையை மிளகு சிந்தாமல் மடித்துத் தூக்கிப் பிடித்தாள். சைக்கிள் போகும் அகலத்துக்கு முற்றம் திறந்தது.

"இப்படியே போ தங்கச்சி. கீழ ஒரு சேட்டனோட கப்பைக்காடு, நம்மூரு மரவள்ளிதான். அதத் தாண்டுனா அடுத்த ஏத்தம்."

ஸுப்ரியாவின் போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. அன்றிரவு பார்த்தபோது இரண்டு குன்றுகளும் ஒரே கோட்டில் சேர்ந்திருந்தன. கோட்டில் பாய் இல்லை. அதைத் தூக்கிப் பிடித்த கையும் இல்லை.

4

குழுவுக்கு அனுப்பினாள். அடிபொளி, பிரமாதம் என்று சங்கர்ராம் பதில் போட்டார். பெரிய சவாரிக்கு முன்னால் ஒரு சோதனை ஓட்டம் வைத்தார்கள். தன் கோட்டில் மற்றவர்கள் ஓடுவதைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும் என்று ஸுப்ரியா கடைசியில் வந்தாள். தவறு அங்கேதான். (இல்லை. அதற்கு முன்னாலேயே. எந்த இடத்தில் என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

அவள் இறக்கத்தின் உச்சிக்கு வந்தபோது முன்னால் போனவர்கள் முற்றத்தைத் தாண்டியிருந்தார்கள். அந்தச் சரிவில் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும், போன் நேராகப் போகச் சொல்கிறது, போய்விட்டார்கள். பாய் சுருண்டு கிடந்தது. டயர் பள்ளங்களில் ஒட்டிக்கொண்ட மிளகு கப்பைக்காடு வரை உதிர்ந்திருந்தது.

[இங்கே மூக்கம்மாள் அழுததாக எழுதினேன். அவள் அழவில்லை என்று ஸுப்ரியா சொன்னாள். அடித்துவிட்டேன்.]

மூக்கம்மாள் துடைப்பத்தை எடுத்து வந்து நின்றாள்.

"உனக்குத்தானே தங்கச்சி பாயத் தூக்குனேன்" என்றாள்.

அன்று ஸுப்ரியா மேற்கொண்டு ஓட்டவில்லை. குனிந்து பொறுக்கினாள். சங்கர்ராம் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். தானும் கொஞ்சம் பொறுக்கினார். ஆனால் சாயாக்கடையில் உட்கார்ந்ததும் காரியமாகப் பேசினார்.

"சவாரி அன்னிக்கு மட்டும் பாய் போடாம இருக்கச் சொல்லு. உன் தமிழ்க்காரிதானே, சொன்னா கேப்பா. இல்லேன்னா பழைய ஹைவேதான், வேற என்ன."

5

முடிவுகள்.

அ. ஸுப்ரியா கோட்டை அழித்துவிடுகிறாள். சங்கர்ராமின் பின்சக்கரம். இதை எழுத எனக்கு அரைப்பக்கம்கூட வரவில்லை.

ஆ. மூக்கம்மாள் மனம் மாறி, எல்லோருக்கும் காப்பி போட்டு வழியனுப்புகிறாள். ஸுப்ரியா படித்துவிட்டு, "அத்தனை பேருக்கு டம்ளர் எங்கேர்ந்து வந்தது?" என்று கேட்டாள்.

இ. நடந்தது. ஸுப்ரியா மறுபடி தனியாகப் போனாள். சவாரி நாள் பற்றி எடுத்த எடுப்பில் கேட்கவில்லை. மிளகைக் கிளற உதவிவிட்டுத்தான் கேட்டாள். மூக்கம்மாள் காலை நிறுத்தவில்லை.

"நீ எப்ப வேணாலும் வா. உங்கூட வர்றவங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? வர்ற ஆளு வந்து நின்னு கேக்கட்டும். அப்பப் பாத்துக்கலாம்."

வீட்டுக்கு வந்து ஸுப்ரியா கோட்டை வெட்டினாள். முதல் துண்டு இறக்கத்தின் உச்சியில் நிற்கிறது. இரண்டாவது கப்பைக்காட்டுக்கு அப்பால் தொடங்குகிறது. நடுவில் ஒன்றும் இல்லை. அங்கே வந்ததும் போன் பேசாது. அதைத்தான் குழுவுக்கு அனுப்பினாள்.

சங்கர்ராம் கூப்பிட்டார். "என்ன ரூட் இது? நடுவுல அறுந்து கிடக்கே."

"அங்க இறங்கிக் கேக்கணும்."

"முடியாதுன்னா?"

"திரும்பி வரணும்."

அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.* சவாரி ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கதையை வெள்ளிக்கிழமை வகுப்பில் கொடுத்தாக வேண்டும்.

* இதை எழுதும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

6

வழி மட்டும் சொல்லிடப்படாது என்று அவள் ஏன் சொன்னாள் என்பது நாலாம் பகுதியை எழுதும்போதுதான் எனக்குப் புரிந்தது. நானும் ஒரு கோடுதான் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் திரும்பிப் போய்ச் சிலவற்றை மாற்றினேன். மூவாற்றுப்புழை என்று எழுதியிருக்கிறேனே, அது அந்த ஊர் இல்லை. மூக்கம்மாளின் பெயரும் அது இல்லை. முற்றத்தை அடையாளம் காட்டும் ஒரு வாக்கியம் மூன்றாம் பகுதியில் இருந்தது; எனக்கு அது பிடித்திருந்தது; எடுத்துவிட்டேன்.

இனி நீங்கள். இறக்கத்தின் உச்சிவரை கொண்டுவந்து விட்டுவிட்டேன். இறங்குங்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாருங்கள். முற்றத்தில் மிளகு காய்கிறது. அவள் உங்களைப் பார்த்துவிட்டாள், ஆனால் காலை நிறுத்தவில்லை. நீங்கள் கேட்கும்வரை நிறுத்தமாட்டாள்.

பாயைத் தூக்குவாளா என்று எனக்குத் தெரியாது. உங்களை அவளுக்கு இன்னும் தெரியாதே.