சம்பந்தியின் ஈய பேட்டரி

என் சம்பந்தி முப்பத்தாறு வருஷம் லாரி எடை மேடையில் குமாஸ்தாவாக இருந்தவர். லாரி ஏறும், அவர் சீட்டு எழுதுவார், லாரி இறங்கும். அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் அதையே செய்து செய்து அவர் கையிலேயே ஒரு தராசு முளைத்துவிட்டது. தக்காளிப் பையை ஒற்றை விரலில் மாட்டித் தூக்கி, "ஒரு கிலோ நாப்பது. கடைக்காரன் ஏமாந்துட்டான்" என்பார். நிறுத்துப் பார்த்தால் ஒரு கிலோ நாற்பதுதான் இருக்கும்.

ஒருநாள் அவர் மகள், அதாவது என் மருமகள், மாடிப்படி ஏறிவரும் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே, "வயித்துல ரெண்டு பேரு இருக்காங்க" என்றார். அவள் முழுகாமல் இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு மாதம் கழித்து டாக்டரும் அதையே சொன்னார். அதற்கு அவருக்கு ஓர் அறை நிறைய இயந்திரம் தேவைப்பட்டது.

அந்த இரண்டு பேரால்தான் வினை வந்தது. வீட்டில் படுக்கையறை இரண்டு. ஒன்றில் என் மகனும் மருமகளும். இன்னொன்றில் நானும் சம்பந்தியும். இரண்டு பேரும் பெண்டாட்டியை அனுப்பிவிட்டு மிஞ்சியவர்கள். ஆறு வருஷமாக இரண்டு கட்டில், நடுவில் ஒரு மேசை. அவர் தூங்கும்போது மூக்கால் விசில் அடிப்பார். நான் என் பல்லை அவர் தண்ணீர் டம்ளரில் போட்டு வைப்பேன். குழந்தைகள் வந்தால் அந்த அறை அவர்களுக்கு. கூடத்து சோபாவில் ஒரு கிழவன்தான் படுக்கலாம். இன்னொரு கிழவனுக்காக மகன் வழுவழுப்பான ஒரு கையேடு கொண்டுவந்தான். முதியோர் இல்லம் என்று அதில் எங்கேயும் போடவில்லை. 'ஓய்வு மாளிகை' என்று போட்டிருந்தார்கள். அட்டையில் ஒரு தாத்தா முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். அந்த வயதில் அத்தனை பல்லோடு இருப்பவனை நான் நம்புவதில்லை.

"நீங்க ரெண்டு பேருமே பேசி முடிவு பண்ணிக்கோங்க" என்றான் மகன். "எங்க வாயால சொல்ல முடியல."

சொல்ல முடியவில்லை என்றானே தவிர, கையேட்டை மேசையில் என் பக்கமாகத் தள்ளித்தான் வைத்தான். நான் அதைச் சம்பந்தியின் பக்கம் தள்ளினேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து இரண்டு நாள் உட்கார்ந்து படித்தார். கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைக்கூட விடவில்லை. அவர் முடித்ததும் நான் வாங்கி, என் சால்டரிங் அயர்னுக்கு அடியில் விரித்துக்கொண்டேன். நல்ல கெட்டிக் காகிதம்.

சால்டரிங் அயர்ன் எதற்கு என்றால், எங்கள் இருவருக்கும் படகுப் பைத்தியம். ரிமோட்டில் ஓடும் சின்னப் படகுகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காக் குளத்தில் விடுவோம். என்னுடையது வேகப்படகு, சிவப்பு நிறம், கூர் மூக்கு, அடக்கமில்லாத குணம். அவருடையது இழுவைப் படகு. துறைமுகத்தில் பெரிய கப்பலைக் கயிறு கட்டி இழுத்து வருமே, அந்த ஜாதி. நாலு வருஷம் ஒட்டுப்பலகையில் இழைத்து இழைத்துச் செய்தது. உயரமான புகைபோக்கி, ஊசி நுனி அளவு திருகாணிகள், சுக்கானைப் பிடித்தபடி விரல் நீளத்தில் ஒரு கேப்டன். அந்தக் கேப்டனுக்கு, போய்ச் சேர்ந்த தன் மனைவியின் நீலக் கைக்குட்டையை வெட்டி அவரே கோட்டு தைத்திருந்தார். அப்போது அவர் கை ஆடாது. இப்போது கொஞ்ச நாளாக ஆடுகிறது.

என் கை ஆடாது. நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் நான் மோட்டார் மாற்றிக் கொடுத்த லிஃப்டில் ஒரு குண்டு மனிதர் ஏறினார். அவர் மேலே போய் இறங்கிக் கதவைத் தட்டிய பிறகுதான் அவருடைய தொப்பை பன்னிரண்டாவது மாடிக்கு வந்து சேர்ந்தது. புகார் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

"ஒரு பந்தயம் வெச்சுக்கலாம் சம்பந்தி" என்றேன். "வர்ற ஞாயித்துக்கிழமை. தோத்தவரு தானே வாயைத் தொறந்து, நான் போறேன்னு சொல்லிடணும். பிள்ளைங்களுக்குப் பந்தயம் கிந்தயம் எதுவும் தெரிய வேண்டாம்."

"உங்க படகு பறக்கும். என்னுது நடக்கும். இதுல என்ன பந்தயம்?"

"நீங்க ஒரு சுத்து, நான் அஞ்சு சுத்து. அதுவும் போதாதுன்னா உங்க படகுக்குப் புது மோட்டாரும் புது பேட்டரியும் நானே போட்டுத் தர்றேன்."

"நீங்களேவா?"

"சம்பந்திக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "வாக்கு கொடுத்தா நான் மாற மாட்டேன்" என்றார்.

"அது போதும்" என்றேன்.

அவர் படகின் வயிற்றில் இருந்தது ஈய பேட்டரி. செங்கல் மாதிரி இருக்கும், இரண்டு கிலோ முந்நூறு. மோட்டாரும் பழசு, உள்ளே கரித்துண்டு உரசி ஓடுவது. புது மோட்டாரில் கரி கிடையாது, மூன்றே கம்பி, நாலு மடங்கு இழுக்கும். அதற்கு லித்தியம் பேட்டரி. சக்தி அதிகம், எடை கால் பங்கு. இதில் ஒரே ஒரு சங்கதி. அந்த ஈய பேட்டரி மின்சாரம் கொடுத்ததோடு, படகின் அடிவயிற்றைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டும் இருந்தது. அதை எடுத்தால் அதே எடைக்கு அடியில் இரும்புத் துண்டுகளை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் படகு மேலே மிதக்கும், திரும்பும்போது புகைபோக்கி இழுத்துக் கவிழ்த்துவிடும்.

நான் வைக்கவில்லை.

எடையிலேயே ஊறிய மனிதர் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. புது பேட்டரியை அவர் உள்ளங்கையில் வைத்தே பார்த்தேன்.

"லேசா இருக்கு போல" என்றார்.

"புது ஜாதி சம்பந்தி. கனத்தை எல்லாம் கரன்ட்டா மாத்தி வெச்சிருக்கான். எவ்வளவு இருக்கும், சொல்லுங்க பாப்போம்."

அவர் கை மேலும் கீழும் ஆடியது. "சரியாத் தெரியலையே. ஒண்ணே முக்கால் கிலோ இருக்குமா?"

அது அறுநூற்று இருபது கிராம். நடுக்கத்தில் அவர் தராசும் கெட்டுப் போயிருந்தது. அன்று நான் இரண்டு தட்டு அதிகமாகச் சாப்பிட்டேன். பழைய பேட்டரியைத் தூக்கி எங்கள் அறைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்தேன்.

சாப்பாட்டு மேசையில்தான் வேலை. கையேட்டை விரித்து, அதன்மேல் கம்பிகளைப் பரப்பி, ஒவ்வொன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். கடுகளவு இடத்தில் மணி மணியாக உட்காரும். மருமகள் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தாள்.

"மாமா கையைப் பாருங்களேன், கல்லு மாதிரி நிக்குது."

"அப்பாவுக்கு இன்னும் இருபது வருஷம் ஒண்ணும் ஆகாது" என்றான் மகன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தேவையே இல்லாத இரண்டு இடத்தில் கூடுதலாகப் பற்றவைத்துக் காட்டினேன். ஒற்றைக் காலில் நின்று ஒரு கம்பி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தி காப்பியைத் தன் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார். அதுவும் வீடியோவில் விழுந்தது. வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கலாமா என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு ஏழு பொய் தயாராக வைத்திருந்தேன். ஏழும் வீணாகப் போனதில்தான் எனக்கு வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் குளக்கரை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். குளத்தில் இரண்டு மிதவை. இழுவைப் படகைத் தண்ணீரில் விட்டதும், எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் அடிப்பக்கத்துச் சிவப்புப் பட்டை முழுக்க வெளியே தெரிந்தது, பாவாடை தூக்கிய மாதிரி. சுக்கானில் கேப்டன் இல்லை. ஒட்டு விட்டு எங்கேயோ விழுந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் படகைப் பற்றி நானே சொல்லக் கூடாது. இரண்டாவது சுற்றில் அது முதல் சுற்றில் தான் எழுப்பிய அலையை முந்தியது. குளத்து வாத்து ஒன்றுக்கு அன்று தலை சுற்றியதில் இன்றைக்கும் அது இடப்பக்கமாகத்தான் நடக்கிறது. மூன்றாவது சுற்றில், தேவை இல்லைதான், இருந்தாலும் ஆசைக்கு, இழுவைப் படகை உரசினாற்போல் ஓட்டினேன். அது அப்போதுதான் மிதவையில் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது, யோசித்தது, பிறகு புகைபோக்கியைத் தண்ணீருக்குள் விட்டு அடிவயிற்றை வானத்துக்குக் காட்டியது. புது மோட்டார் நிற்காமல் காற்றைக் கடைந்துகொண்டிருந்தது. நல்ல மோட்டார்.

சம்பந்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். வழுக்கி ஒருமுறை மூழ்கி எழுந்தார். எனக்கு இன்னும் இரண்டு சுற்று பாக்கி இருந்தது. முடித்தேன். பந்தயம் என்றால் பந்தயம். அவர் நின்ற இடம் தோதாக இருந்ததால் கடைசிச் சுற்றில் அவரையே மிதவையாக வைத்துத் திருப்பினேன்.

கரையேறியபோது அவர் கை, கால், தாடை எல்லாம் ஆடின. மருமகள் தன் துப்பட்டாவால் அவர் தலையைத் துவட்டிவிட்டு அழுதாள்.

"போச்சேம்மா" என்றார் அவர். "நாலு வருஷம்."

மறுநாள் காலை உணவுக்கு எல்லாரும் உட்கார்ந்ததும் சம்பந்தி தொண்டையைச் செருமினார். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"நான் போறேன்மா, அந்த மாளிகைக்கு" என்றார். சொல்லும்போதே ஸ்பூனில் இருந்தது மடியில் கொட்டியது.

"ஸ்பூனைப் பிடிக்க முடியல, எங்கப்பா போவீங்க?" என்றாள் மருமகள்.

"இல்லம்மா, வாக்கு." மறுபடியும் கொட்டியது. "நான்தான் போகணும்."

"மாமா, நீங்க போகணும்னாலும் அவங்க எடுத்துக்க மாட்டாங்க" என்றான் மகன். மேசை ஓரத்தில் கிடந்த கையேட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் நான் சிந்திய ஈயத்தை நகத்தால் சுரண்டினான். அடியில் இருந்த பொடி எழுத்தை வாசித்தான். "தன் வேலையைத் தானே செய்துகொள்பவர், கை கால் நடுக்கம் இல்லாதவர் மட்டும். சான்றாக ஒரு வீடியோ அனுப்பவும்."

மகன் என் கையைப் பார்த்தான். மருமகளும் என் கையைப் பார்த்தாள். நான் அதை மேசைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். கொஞ்சம் ஆட்டியும் பார்த்தேன். அறுபது வருஷப் பழக்கம், ஆட மறுத்தது.

"ஜெயிச்சது நான்" என்றேன்.

"எதுல மாமா?" என்றாள் மருமகள்.

பந்தயத்தைச் சொன்னால் பேட்டரியைச் சொல்ல வேண்டும். பேட்டரியைச் சொன்னால் அவள் அப்பாவை நான் இடுப்பளவு தண்ணீரில் இறக்கிய கதையைச் சொல்ல வேண்டும். காப்பி டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

"படகுப் போட்டியைச் சொல்றாரும்மா" என்றார் சம்பந்தி. "அவருதான் ஜெயிச்சாரு. என்ன கை அது. நான் போறேன்னு இப்பவும் சொல்றேன்." மூன்றாவது முறையும் கொட்டியது.

என் பழைய உத்தியோகத்தையும் குறிப்பிட்டு, வீடியோ பத்து மணிக்குப் போனது. பதினொரு மணிக்குப் பதில் வந்தது. இவர் உடனே வரலாம், எங்கள் லிஃப்டும் நாலு மாதமாக ஓடவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

நான் கிளம்பிய காலையில் எங்கள் அறைக் கதவு தானாகவே டமாரென்று சாத்திக்கொண்டது. முட்டு என்ன ஆயிற்று என்று பார்க்கத் தோன்றவில்லை. வாசலில் கார் நின்றது. மகன் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். மருமகள் மேலே பால்கனியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் எங்கள் அறை ஜன்னலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

என் பெட்டியை சம்பந்தி தூக்கிவந்தார். ஒற்றை விரலில் மாட்டியிருந்தார். பெட்டி ஆடவில்லை. விரலும் ஆடவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து, நீலக் கோட்டு நனையாமல், கேப்டன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதிமூணு கிலோ எழுநூறு" என்றார் சம்பந்தி, என் காதோரம் குனிந்து. "உங்க சாமான் பதினொண்ணு நானூறுதான். மீதி ரெண்டு முந்நூறு நான் அடியில வெச்சிருக்கேன். திருப்பத்துல கவுந்துடக் கூடாது பாருங்க."