பன்னிரண்டு எண்ணும் வரை அசையாத நண்டு

கொழும்புக் கடற்கரையில் ஒரு நண்டு, கறுப்பையா “அசையாதே” என்று சொன்ன ஒரே சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அவன் பன்னிரண்டு எண்ணி முடிக்கும் வரை மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தது.

கலஹாப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்தில், கூலியாட்கள் வரிசையாய்க் குடியிருக்கும் லயத்தில் அவன் இதைச் சொன்னபோது, பதினெட்டுக் குடும்பமும் வாயைப் பிளந்துகொண்டு நம்பிற்று. வறண்ட பூமியிலிருந்து வந்த சனத்துக்கு நண்டின் குணம் எங்கே தெரியும்? நம்பாதவள் ஒருத்திதான், அவன் பெண்டாட்டி மூக்காயி. அவள் தொண்டிக் கடற்கரையில் பிறந்தவள்.

“நண்டு என்ன தோட்டத்து ஆளா, கங்காணி பேரு கூப்பிடுற வரைக்கும் நிக்க?” என்றாள்.

“நான் சொன்னேன், நின்னுச்சு.”

“நீங்க சொன்னா நம்ம வீட்டுக் கோழியே நிக்காது!”

லயமே சிரித்தது. மூக்காயியும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்று, கண் எங்கேயோ போயிற்று. கடல் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு அப்படித்தான்.

பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால், கடல் தாண்டி மன்னாரில் இறங்கிக் காட்டுப் பாதையில் நடந்து வந்தபோது, கூட வந்த தங்கச்சி பேச்சியம்மாவை வாந்திபேதி கொண்டுபோயிற்று. தம்புள்ளைக்கு இப்பால் ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தவள், அந்தப் பாதையில் இனிக் கால் வைப்பதில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டாள். கொழும்புக் கடலுக்குத்தான் ரயில் வந்துவிட்டதே என்பீர்கள். கோப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் கங்காணி வானத்தை இழுத்துத் தரையில் போடுவார். பழமில்லாத காலத்தில் ரயில் சீட்டு வாங்கக் காசு ஏது? அவளும் கடலைப் பற்றிப் பேசுவதை விட்டாள். தூக்கத்தில் மட்டும் விரலால் பாயில் குட்டிக் குட்டி வட்டம் போடுவாள். என்ன அது என்று கறுப்பையா ஒருநாள் கேட்டதற்கு, “நண்டு வளை. சுத்தி மண்ணை மொளகு மொளகா உருட்டி வச்சிருக்கும். பேச்சி அதை மிதிச்சிக்கிட்டே ஓடுவா,” என்றாள்.

கறுப்பையாவுக்கு அந்த வட்டம் நெஞ்சில் தைத்துவிட்டது. கண்டி நகரில் படம் பிடிக்கும் மயில்வாகனம் ஐயாவிடம் பெட்டி சுமப்பவன் அவன். அந்தப் பெட்டியின் பாரம் ஒன்றரை யானை இருக்கும். ஐப்பசியில், மழை ஒருநாள் மறந்துபோய் விட்டுவைத்த வெயிலில், கோப்பி மூட்டை ஏற்றும் கப்பல்களைப் படம் பிடிக்க இருவரும் கொழும்புக்குப் போனார்கள். ஒரு கப்பலுக்கு மேல் ஒரு கப்பலாக, கடல் தெரியாத அளவுக்குக் கப்பல்! மாலையாகும்போது படம் பதிவதற்கான மருந்து இன்னும் பூசாத கண்ணாடி ஒன்று மிஞ்சியது.

“ஐயா, இந்த நண்டு வளையை ஒரு படம் புடிங்க.”

“உனக்கென்ன விசர் பிடிச்சிட்டுதோ? துரைமார் கப்பலைக் கேக்கினம், மலையைக் கேக்கினம். நண்டு வளையை ஆர் கேட்டது?”

“எம் பொஞ்சாதிங்க.”

“கேட்டவவோ?”

“வாய் தொறந்து கேக்கலீங்க.”

மயில்வாகனம் இருட்டுக் கூடாரத்துக்குள் போய்க் கண்ணாடிக்கு மருந்து பூசிக்கொண்டு வந்தார். “பன்னிரண்டு எண்ணு. அசைஞ்சது ஒண்டும் படத்தில நில்லாது, விளங்குதோ?”

அவர் பெட்டியின் மூடியை எடுக்கவும், வளையிலிருந்து நண்டு தலைகாட்டவும் சரியாக இருந்தது. தன் பார்வை பட்டால்கூட ஓடிவிடுமோ என்று கறுப்பையா கண்ணை இறுக மூடிக்கொண்டு, முருகனை நினைத்து எண்ணினான். பன்னிரண்டில் கண்ணைத் திறந்தான். நண்டைக் காணோம். இந்தச் சங்கதியைத்தான் அவன் லயத்தில் யாருக்கும் சொல்லவில்லை.

கழுவிப் பார்த்த மயில்வாகனம் உதட்டைப் பிதுக்கினார். “வெளிச்சம் காணாது. நீ ஓட்டமா எண்ணிப்போட்டாய். இதைச் சுரண்டி வை, நாளைக்கு வேற படத்துக்கு உதவும்.”

சுரண்ட அவனுக்குக் கை வரவில்லை. கெஞ்சி வாங்கித் தலைப்பாகைத் துணியில் சுற்றி, ரயிலில் பிள்ளைத்தாய்ச்சி போல வயிற்றோடு அணைத்து, கண்டியிலிருந்து மழையில் நடந்தே கொண்டுவந்து சேர்த்தான்.

லயத்தில் கதை கேட்ட கூட்டம் கலைந்த பிறகு, கண்ணாடியை அவளுக்காக வானத்துக்கு நேரே பிடித்தான். வெறும் புகை. வெளுக்கவேண்டிய இடம் கறுத்து, கறுக்கவேண்டிய இடம் வெளுத்து, தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மூக்காயி கேலி பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். “பாவம், இம்புட்டுத் தூரம் சொமந்திருக்கீங்க,” என்று வாங்கி, மறுபடி துணியில் சுற்றுவதற்காக மடியில் வைத்தாள். மடியில் கிடந்தது மழைக்குப் போர்த்தும் கறுப்புக் கம்பளி.

அப்படியே நின்றது அவள் கை.

கறுப்பின் மேல் வைத்ததும் புகை கலைந்து, கண்ணாடிக்குள் மணல் வெளுத்தது. அலை விட்டுப்போன நுரைக் கோடு, ஒரு குருவியின் மூன்று விரல் தடம், உடைந்த சோழி. நடுவில் வளை. சுற்றிலும் மிளகு மிளகாக மண் உருண்டை.

அவள் குனிந்து முகர்ந்தாள். “உப்பு வாசம் இல்ல.”

“அதைப் பெட்டியில புடிக்க முடியல, புள்ள.”

அவள் விரல் தொடாமல், கண்ணாடிக்கு மேலே உருண்டைகளின் வட்டத்தோடு சுற்றிச் சுற்றிப் போயிற்று. எவ்வளவு நேரம் என்றால், மழை பெய்து, விட்டு, மறுபடி பெய்தது. பேச்சி பேச்சி என்று உதடு மட்டும் அசைந்தது.

“மூக்காயி... அந்த நண்டு விசயம்... நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான்...”

“சத்தம் போடாதீங்க, ஓடிரும்,” என்றாள் அவள், தலை நிமிராமல்.

“எது?”

“வளை வாசல்ல பாருங்க. ரெண்டு கண்ணையும் தூக்கி வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கு.” அவன் முகத்தைப் பார்த்தாள், கண்ணில் நீரும் வாயில் சிரிப்புமாக. “நின்னுருக்குங்க. நீங்க சொன்ன மாதிரியே நின்னுருக்கு.”