வான்கோழிக்கு வந்தவர்கள்

வாளிக்குள் கிடக்கும் வான்கோழியை என்ன செய்வது என்று குகநாதன் திரும்பவும் கேட்டபோது, ராஜேஸ்வரி கணவரின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். துணி வழுக்கியது. முடிச்சு நிற்க மாட்டேன் என்றது.

"அத்தான், அது எங்கயும் ஓடிப்போகாது. முதல் இதைப் பிடியுங்கோ," என்றாள்.

குகநாதன் வந்து துணியின் ஒரு நுனியைப் பிடித்தார். இறந்தவருக்கு அண்ணன். முதல் நாள் பின்னேரம்தான் ஜெனீவாவிலிருந்து ரயிலில் வந்து இறங்கியிருந்தார். சாவுக்கு வரவில்லை, விருந்துக்கு வந்தவர். வந்த இடத்தில் காலையில் எழும்பித் தம்பியின் காலைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. அந்த நேரத்திலும் அவருக்கு வான்கோழி ஞாபகம் போகவில்லை.

விடியுமுன் பல்கனிக் கதவு திறந்த சத்தம் ராஜேஸ்வரிக்குக் கேட்டது. உப்புத் தண்ணீருக்குள் ஊறக் கிடக்கிற கோழியைக் கணவர் புரட்டிவிடப் போகிறார் என்று தெரியும். ஒவ்வொரு வருடமும் நடக்கிற கூத்துதான். நவம்பர் குளிர் படுக்கை வரைக்கும் வந்தது. "கதவைச் சாத்துங்கோ," என்று போர்வைக்குள் இருந்தபடியே கத்தினாள். கதவு சாத்தப்படவில்லை. இன்னொரு முறை கத்தினாள். கடைசியில் எரிச்சலோடு எழும்பித் தானே சாத்தப் போனபோது, வாளிக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் இரவீந்திரன் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். வலது கைச் சட்டை முழங்கை வரை மடிக்கப்பட்டிருந்தது. கை ஈரமாக இருந்தது. அம்புலன்ஸ் வந்தது, டொக்டர் வந்தார், இதயம் என்றார்கள். கோழி மட்டும் புரட்டப்பட்டுச் சரியாகக் கிடந்தது.

இந்த வான்கோழி விவகாரம் இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் தொடங்கியது. இரவீந்திரன் அகதியாக வந்து கோப்பை கழுவிய காலத்தில், வருடா வருடம் நவம்பர் கடைசியில் ஓர் அமெரிக்கக் கூட்டம் அங்கே வந்து தங்கள் தாங்ஸ்கிவிங் விருந்தைச் சாப்பிடும். அவர்கள் போனதும் ஹோட்டல் கொஞ்ச நாளைக்குப் பூட்டப்படும். தீபாவளி, பொங்கல், வருடப்பிறப்பு எதற்கும் லீவு கிடைக்காத மனிதருக்கு அந்த நாட்கள்தான் லீவு. முதல் வருடம் மிஞ்சிய கோழி ஒன்றைச் செஃப் கொடுத்துவிட, வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு தானே வாங்கத் தொடங்கினார். கோப்பை கழுவியவர் சமையல்காரராகி, பென்ஷனும் எடுத்தாயிற்று. அமெரிக்கர்கள் வருவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இந்த வீட்டில் மட்டும் நன்றிப் பெருநாள் நின்றபாடில்லை.

ஒன்பது கிலோவுக்குக் குறைந்த கோழியை அவர் தொடமாட்டார். ஜெனீவாவிலிருந்து அண்ணன் வர வேண்டும், லொசானிலிருந்து மகன் பிரவீனன் வர வேண்டும், லா ஷோ-து-ஃபோனிலிருந்து மகள் வேணுகா குடும்பத்தோடு வர வேண்டும். சாக்குப்போக்குச் சொன்னால் தொலைபேசியில் கெஞ்சுவார், கோபிப்பார், பிறகு திரும்பவும் கெஞ்சுவார். எல்லோரும் வந்து மேசையைச் சுற்றி நெருக்கியடித்து இருந்ததும், தான் இருக்கமாட்டார். தோளில் துவாயும் கையில் தேத்தண்ணியுமாகச் சமையலறை வாசற்படியில் போய் நின்றுகொள்வார். ராஜேஸ்வரி சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகவும் வரவும் அந்த ஒரு வழிதான். "வழியை விடுங்கோ, கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவாறன்," என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். ஓம் ஓம் என்பார், அரை அடி நகருவார். அவள் சட்டியைச் சரித்துப் பக்கவாட்டில் திரும்பி அவரை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். இத்தனை வருடத்தில் அந்த மனிதருக்கு வாசல் என்பது நடப்பதற்கு என்று விளங்கவே இல்லை.

முடிச்சு ஒருவழியாக நின்றது. செத்த வீட்டில் மச்சம் மாமிசம் வைத்திருக்கக் கூடாது, துடக்கு, தீட்டு, உடனே எறிய வேண்டும் என்று குகநாதன் சொன்னார். எங்கே எறிவது என்று அவர் சொல்லவில்லை. குப்பை எடுக்கிற நாள் திங்கட்கிழமை. அதுவரை ஒன்பது கிலோக் கோழியைப் பையில் கட்டிக் கீழே வைத்தால் கீழ்வீட்டுக் கிழவி பொலிசைக் கூப்பிடுவாள். மகனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவன் அழுதான். அழுது முடித்ததும், "அம்மா, அந்த வான்கோழியை என்ன செய்யிறது?" என்றான். மகள் அழுகைக்கு நடுவிலேயே கேட்டாள். அந்தப் பறவையைத் தூக்கி ஆரே ஆற்றில் போட்டுவிட்டுத் தானும் எங்காவது போய்விடலாம் போலிருந்தது ராஜேஸ்வரிக்கு.

ஆனால் எறியவும் மனம் வரவில்லை. கீழே கெல்லர் என்கிற நிலவறையில் அவர்களுடைய உறைகுளிர்ப்பெட்டி இருந்தது. அதிலிருந்த மீனையும் பாண் ரொட்டியையும் வெளியே எடுத்து அயலுக்குக் கொடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரை வடித்து, கோழியைப் பொலித்தீனில் சுற்றிப் படுக்கவைத்தாள். மேலே ஏறி வந்தபோது சவப்பெட்டிக்காரர்கள் வந்து காத்திருந்தார்கள். அவர்களுக்கும் கை கொடுத்துவிட்டு, உப்பு நாற்றம் போகிறதா என்று கையை மணந்து பார்த்தாள்.

ஈமச் சடங்கு முறைப்படி நடந்தது. மண்டபத்துக்கு அடுத்த ஆட்கள் வரப்போகிறார்கள் என்று ஐயர் அவசரப்பட்டார். வந்தவர்கள் எல்லோரும் இரவீந்திரனின் விருந்தைப் பற்றியே கதைத்தார்கள். வான்கோழி என்றால் அவருக்கு உயிர் என்றார்கள். ராஜேஸ்வரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். அழுகை வரும் போலிருக்கிற ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து வான்கோழி என்பார்கள், அழுகை எரிச்சலாகிவிடும்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு என்ன சமைப்பது என்ற கதை அன்று பின்னேரமே வந்துவிட்டது. செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைக்க வேண்டும். மச்சமும் படைக்கலாம். அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு வீட்டுச் சாப்பாடு இல்லை என்பதுபோல, விருப்பமானது எதையும் விடக் கூடாது. குகநாதன் யோசிக்கவே இல்லை. வான்கோழிதான் என்றார். சாவன்று எறியச் சொன்னதை மறந்தே போனார். பிள்ளைகளும் தலையாட்டினார்கள்.

"வேற என்ன விருப்பம் அவருக்கு?" என்று குகநாதன் கேட்டார்.

ராஜேஸ்வரி விரல் மடித்து எண்ணப் பார்த்தாள். கணவாய்க் கறி வைத்தால் நல்லாயிருக்கு என்பார். கத்தரிக்காய் வைத்தாலும் நல்லாயிருக்கு என்பார். உப்புப் போட மறந்த நாளிலும் அதையேதான் சொன்னார். நாள் முழுக்க ஊருக்குச் சமைத்துவிட்டு வருகிற மனிதர், வீட்டில் எதைப் போட்டாலும் தலை குனிந்து தின்றுவிட்டு எழும்புவார். இன்னது வேண்டும் என்று ஒரு நாள் கேட்டிருந்தால் இப்போது சொல்லியிருக்கலாம். ஒரு மனிதனோடு இவ்வளவு காலம் இருந்துவிட்டு அவனுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல் நிற்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். கடைசிச் சாப்பாட்டையாவது சரியாகப் போட விடாமல் போய்விட்டாரே என்ற ஆத்திரம்.

எட்டாம் நாள் காலையில் மகேந்திரன் வந்தான். ஹோட்டலில் இரவீந்திரனுக்குக் கீழே வேலை பழகியவன். மூன்று நாளுக்கு முன்பே எடுத்து உருகவிட்ட வான்கோழியை அவண் அடுப்பில் வைக்க இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அவன் வெண்ணெய் பூசிக்கொண்டிருக்க, ராஜேஸ்வரி கறிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்தாள். வேணுகா வாழையிலையைத் துடைத்தாள். பிரவீனன் எல்லோரும் இருக்க இரவல் வாங்கிய கதிரைகளை விரித்து அடுக்கினான்.

"கறியைக் கொஞ்சம் கூட வையுங்கோ அம்மா. குழம்பில்லாமல் அதை விழுங்க ஏலாது," என்றாள் வேணுகா. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உனக்கு அது விருப்பமெல்லோ?" என்றாள் ராஜேஸ்வரி.

வேணுகா அண்ணனைப் பார்த்தாள். பிரவீனன் கதிரையைக் கீழே வைத்தான். அப்பாவுக்காகத்தான் தின்றோம் என்று மெல்லச் சொன்னான். பஞ்சுபோல இருக்கும், தொண்டையில் நிற்கும், தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தள்ளுவோம் என்றான். தனக்கும் அப்படித்தான் என்று குகநாதன் ஹோலில் இருந்தபடியே சொன்னார். தம்பியின் மனம் நோகக் கூடாது என்று பேசாமல் இருந்தாராம். ஜெனீவாவிலிருந்து வருகிறபோதே ரயிலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவாராம்.

ராஜேஸ்வரி பிழிந்த தேங்காய்ப்பாலைச் சட்டியில் விட்டாள். அவளுக்கும் அந்த இறைச்சி ஒரு நாளும் பிடித்ததில்லை. இவ்வளவு பேரும் ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டு மென்றிருக்கிறார்கள். அதற்காக அவள் எத்தனை நவம்பரில் சமையலறையில் நின்று இடுப்பொடிந்தாள்.

"ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லேல்லை. ஒரு மனுசன் தனக்கு விருப்பமெண்டு தின்னிறதுக்கு ஊரெல்லாம் சேர்ந்து நடிச்சிருக்கு," என்றாள்.

அவணின் கதவைச் சாத்திய மகேந்திரன் திரும்பிப் பார்த்தான்.

"ஆர் திண்டது? அண்ணை வான்கோழி வாயில வைக்கமாட்டாரே."

மகேந்திரன் இதைப் பெரிய விஷயமாக நினைத்துச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்கிறவன் போலத் துவாயில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஹோட்டலில் மிஞ்சினால் அண்ணை தன் பங்கை எப்போதும் தன்னிடம்தான் தருவார் என்றான். மணமே பிடிக்காதாம். வேலை முடிய ஒரு தேத்தண்ணியும் காய்ந்த பாண் துண்டும் இருந்தால் அவருக்குக் காணுமாம்.

"அப்ப ஏன் வாங்கிறவர்?" ராஜேஸ்வரியின் குரல் உயர்ந்தது. "ஆருக்காக இந்த அநியாயம்?"

"நானும் கேட்டனான் அக்கா. சாதாரணக் கோழியெண்டால் ரெண்டு பேரே திண்டு முடிச்சிடலாமாம். இது ஆள் சேராமல் முடியாதாம். இவ்வளவு பெரிசை வாங்கி வைச்சிட்டன் எண்டு சொன்னால், வராமல் இருக்க ஏலாதாம் ஒருத்தருக்கும்."

குகநாதன் ஹோலிலிருந்து எழும்பி வந்து நின்றார். மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பிப் போனார். வேணுகா இலையைத் துடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

ராஜேஸ்வரிக்கு அந்த மேசை ஞாபகம் வந்தது. அவர் தட்டு எது? எந்த வருடமும் அவருக்கு ஒரு தட்டு வைத்ததாக அவளுக்கு நினைவில்லை. பிறகு சாப்பிடுறன் என்பார். சமையலறைக்குள் நின்று தின்றிருப்பார் என்று அவளும் விட்டுவிடுவாள். இஞ்சாரும், ஒரு தேத்தண்ணி தாரும் என்று மட்டும்தான் கேட்பார். கைநிறைய வேலை கிடக்கிறது தெரியவில்லையா என்று சலித்துக்கொண்டு ஊற்றிக் கொடுப்பாள். விருப்பமானதை அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவள் அதை ஒரு சாப்பாடாக எண்ணவில்லை.

படையல் வைக்கிற நேரம் குகநாதன் வான்கோழித் துண்டோடு வந்தார். அறையில் இரவீந்திரனின் படத்துக்கு முன்னால் இலை விரித்திருந்தது. சோறு, கறிகள், வடை, பழம் எல்லாம் வைத்தாயிற்று. ராஜேஸ்வரி அவரைக் கையால் மறித்தாள்.

"அது அவருக்கு வேண்டாம் அத்தான். அது எங்களுக்கு."

அவள் போய்க் கேத்தலை வைத்தாள். சாயம் கடுக்கத் தேத்தண்ணி ஊற்றி, சீனி போட்டு, அவருடைய விளிம்பு உடைந்த கோப்பையிலேயே கொண்டுவந்தாள். நேற்றைய பாணில் ஒரு துண்டு வெட்டி, இலையில் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தாள். குகநாதன் முறை தெரிந்த மனிதர். அவரும் கோப்பையைப் படத்துக்குக் கிட்ட நகர்த்தி வைத்தார். கற்பூரம் காட்டி, செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் ஹோலுக்கு வந்தார்கள்.

மேசை போதவில்லை. ஒருபோதும் போதியதில்லை. கதிரைகள் முட்டிக்கொண்டு நின்றன. வேணுகாவின் புருஷன், பிள்ளைகள், மகேந்திரன் எல்லோரும் இடித்துப் பிடித்து இருந்தார்கள். இடம் காணாமல் பிரவீனன் ஒரு கதிரையைச் சமையலறை வாசற்படியில் போட்டு இருக்கப் போனான்.

"தம்பி, உந்தக் கதிரையை எடு," என்றாள் ராஜேஸ்வரி.

"பரவாயில்லை அம்மா, நான் தள்ளி இருக்கிறன்."

"எடு எண்டுறன்."

அவன் தாயின் முகத்தைப் பார்த்தான். கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கைக்குப் பக்கத்தில் செருகி இருந்தான். வாசல் வெறுமையாயிற்று.

மகேந்திரன் வெட்டி அடுக்கிய வான்கோழித் தட்டு பாரமாக இருந்தது. ஆவி பறந்தது. ஹோலில் எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். ராஜேஸ்வரி தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஓர் ஆள் தாராளமாக நேரே நடந்து போகிற அகலம் இருந்தது. அவள் தட்டைச் சற்றுச் சரித்து, தோளை ஒடுக்கி, பக்கவாட்டில் திரும்பிப் போனாள்.